இனாமும் ஊதியமும்

சென்ற மாதம் சிங்கையில் ஒரு திருமண விருந்துக்குச் சென்றிருந்தோம். பந்தி முடியுந் தறுவாயில், பெண் வீட்டாரில் மூத்தவராகிய ஒரு பெரியவர், பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கைதட்டி அழைத்தார். தம் பையிலிருந்து 50 வெள்ளித் தாள் ஒன்றை எடுத்து, நாற்புறமும் ஒருமுறை நோக்கிவிட்டு, அவ்விளைஞருடைய சட்டைப் பையில் தம் கையாலேயே செருகினார். இளைஞர் குனிந்து கும்பிட்டார். அருகிருந்தோர், "மாமாவுக்கு எப்பவும் தாராள மனசு" என்றனர். மாமா முகம் மலர்ந்தது. அவ்வளவில், இலையெடுக்க வந்த மற்றொருவரின் கை தவறிச் சிறிது ரசம் மேசை விரிப்பில் சிந்திவிட்டது. "டேய், கண்ணை எங்கேடா வெச்சிருக்கே?" என்று அதே மாமாவின் வாய் முழங்கிற்று. இலையெடுத்தவருக்கு வயது ஐம்பதுக்குக் குறையாது.

முதற் செயல் நல்லது, இரண்டாவது செயல் தீயது என்று நம்மவர் பிரித்துப் பேசுவர். "மனிதர் நல்லவர்தான், கோபந்தான் கொஞ்சம் அதிகம்" என்று சமாதானமும் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சட்டைப் பையில் தாளைச் செருகிய கையும், டேய் என்று அழைத்த வாயும் ஒரே எண்ணத்துக்கு ஏவல் செய்தன என்பதே நமது அபிப்பிராயம். எதிரே நிற்பவன் நமக்குச் சமமானவன் அல்லன் என்பதே அவ்வெண்ணம். சமமானவனுடைய சட்டைப் பைக்குள் கையை விட நமக்குத் துணிவு வருமா? வங்கியில் நம் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்த அலுவலர் சட்டையில் ஐந்து வெள்ளியைச் செருகிப் பார்க்கட்டும், மாமா! பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைக் கைதட்டி அழைத்து ஒரு தாளை நீட்டிப் பார்க்கட்டும்! அவர்களும் நமக்கு ஊழியம் செய்தவர்களே. ஆயினும் அவர்களிடத்தில் அச்செயல் அவமதிப்பு என்பதை நாம் சொல்லாமலே அறிந்திருக்கின்றோம். உணவு பரிமாறுபவரிடத்தில் மட்டும் அதே செயல் எப்படித் தாராளமாயிற்று?

இனாம் என்னுஞ் சொல்லே இதற்கு விடை கூறும். அரபு மொழியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. ஆள்வோர் தம் மனம் மகிழ்ந்தபோது தமக்குக் கீழ்ப்பட்டவர்க்கு விட்ட நிலங்களை இனாம் என்றனர். அப்பெயரைச் சுமந்த ஊர்கள் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் இன்றும் உண்டு. இனாமின் இலக்கணம் யாது? கொடுப்பவன் விருப்பமே அதற்கு அளவு. கொடுத்தால் வாங்குபவன் வணங்க வேண்டும். கொடாவிட்டால் அவன் வாய் திறக்கலாகாது. ஊதியமோ அத்தகையதன்று. அதற்கு அளவு உண்டு, தவணை உண்டு, கேட்கும் உரிமை உண்டு. கேட்டும் வாராவிட்டால் வழக்கு மன்றம் உண்டு. ஊதியம் வாங்குபவன் நிமிர்ந்து நிற்கலாம். இனாம் வாங்குபவன் நிமிர்ந்து நின்றால், "என்ன திமிர்!" என்று அடுத்த முறை தாள் குறையும். இக்காலத்தார் இதனை டிப்ஸ் என்கின்றனர். பெயர் மாறிற்றே தவிர முதுகின் வளைவு மாறவில்லை. நம் நாட்டு மலாய் மொழியிலோ 'டூயிட் கோப்பி', அதாவது கோப்பிக் காசு, என்ற பெயர் கையூட்டுக்கே வழங்குகின்றது. உரிமையைச் சலுகையாக்கிக் கொடுப்பதும், சலுகையை உரிமைபோல விலைக்கு வாங்குவதும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பதை மக்களின் நாவு அறிந்தே வைத்திருக்கின்றது போலும்.

நிற்க. இனாம் கொடுப்பது தொழிலாளிக்கு நாம் செய்யும் நன்மை என்ற நம்பிக்கையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரில் மேசையிட்டுப் பரிமாறும் உணவகங்கள் பலவற்றிலும் 100 வெள்ளிக்கு உண்டால் நாம் செலுத்துவது 100 வெள்ளி அன்று. முதலில் சேவைக் கட்டணம் என்று 10 விழுக்காடு ஏறி 110 வெள்ளியாகும். பிறகு அந்த 110க்கும் பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஏறும். 2024 முதல் வரி அவ்வளவு. முடிவில் நம் கையை விட்டுப் போவது 119 வெள்ளி 90 காசு. அரசாங்கத்தின் பங்கு எங்கே போகின்றது என்பது எல்லோரும் அறிந்தது. சேவைக் கட்டணம் என்ற பெயரால் வாங்கிய அந்த 10 வெள்ளி எங்கே போகின்றது? சேவை செய்தவர்க்கு என்றுதானே பெயரைப் படிக்கும் எவரும் எண்ணுவர்? ஆனால் சிங்கப்பூரில் அதனைத் தொழிலாளர்க்குப் பங்கிட்டே தீர வேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் ஒன்றும் இல்லை. பங்கிடும் முதலாளிகளும் இருக்கின்றனர், அவர்களை வாழ்த்துகின்றோம். பங்கிடாதவர்களைத் தட்டிக் கேட்பார் இல்லை.

சிராங்கூன் சாலைப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் உண்டு முடித்தபின், பற்றுச்சீட்டைக் கொண்டுவந்த இளைஞரிடம், "இந்தப் பத்து விழுக்காடு உங்களுக்கு வருமா, தம்பி?" என்று கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. முதலில் பணப்பெட்டியடியில் அமர்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வரும்ணே... சாப்பாடு நல்லாயிருந்துச்சா?" என்றார். அந்தத் திரும்பிய பார்வைக்கு மேல் விளக்கம் நமக்கு வேண்டியிருக்கவில்லை.

உணவகம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதே வினாவை எழுப்பினோம். அவர் ஒளிவு மறைவற்றவர். "வாடகைக்கே அது காணவில்லை, இதில் பங்கு எங்கே போடுவது?" என்றார். வாடகை ஏறியிருப்பது உண்மை. அவர்தம் இடர்ப்பாட்டை நாம் எள்ளவில்லை. ஆனால் அப்படியாயின், பற்றுச்சீட்டில் வாடகைக் கட்டணம் என்று அச்சிடலாமே! தொழிலாளியின் பெயரைச் சொல்லி வாங்கி நிலக்கிழாருக்குச் செலுத்துவதற்கு, நாம் அறிந்த தமிழில் வேறு பெயர் உண்டு. நண்பராயிற்றே என்று அதனை இங்கு எழுதாது விடுகின்றோம்.

இந்நிலையில் நம் மாமா என்ன செய்கின்றார்? பத்து விழுக்காடு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை. அந்த இளைஞரின் மாதச் சம்பளம் என்ன, அவர் எத்தனை மணி நேரம் நிற்கின்றார், உறங்கும் அறையில் எத்தனை பேர் என்று அறிய முற்படுவதும் இல்லை. 50 வெள்ளியைச் செருகிவிட்டு, தம் கடமை தீர்ந்ததென்று வாயிலை நோக்கி நடக்கின்றார். முதலாளிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? "இங்கே சம்பளம் குறைவுதான், ஆனால் டிப்ஸ் வரும்" என்று ஆள் சேர்க்கையிலேயே சொல்லிவிடுகின்றார் அல்லவா? தாம் கொடுக்க வேண்டியதை வாடிக்கையாளர் கொடுத்துவிடுகின்றனர். வாடிக்கையாளருக்கோ வள்ளல் என்ற பெயர். ஆகவே நாம் சொல்லுகின்றோம்: இனாம் என்பது தொழிலாளியின் சட்டைப் பை வழியாக முதலாளியின் பெட்டிக்குப் போகும் காசு.

இது நம் கற்பனை என்று நினைப்பவர்கள் அமெரிக்க நாட்டைப் பார்ப்பார்களாக. இனாம் வழக்கம் அங்கே சட்டத்திலேயே குடிபுகுந்துவிட்டது. அந்நாட்டின் கூட்டரசுச் சட்டப்படி பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 காசு. ஆனால் இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய ரொக்கம் மணிக்கு 2 டாலர் 13 காசு மட்டுமே. இது 1991ஆம் ஆண்டில் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. மீதியை உண்டவர்கள் இனாமாக நிரப்ப வேண்டும். அவர்கள் நிரப்பாதபோதுதான் முதலாளி நிரப்ப வேண்டும். பல மாநிலங்கள் தம் அளவில் இதனை உயர்த்திக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். எனினும், கருணையாகத் தொடங்கிய காசு சம்பளத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, சம்பளத்தையே வெளியே தள்ளிய கதை இதுவன்றோ?

அதே நாட்டில் புல்மன் என்னும் இரயில் நிறுவனம் தன் தூங்கும் பெட்டிகளில் பயணிகளுக்கு ஊழியம் செய்யக் கறுப்பின மக்களை அமர்த்தியது. முதற்கண் அமர்த்தப்பட்டவர்களில் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டோர் பலர். சம்பளம் சொற்பம்; இனாமை நம்பியே பிழைப்பு. இனாமுக்காகச் சிரிக்க வேண்டும். அவமதிப்பையும் சிரித்துக்கொண்டே விழுங்க வேண்டும். பயணிகள் அவர்கள் எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே அழைத்தனர். அது அத்தொழிலாளர் பெயரன்று. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர். அடிமையை ஆண்டான் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. 1925ஆம் ஆண்டில் ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்பாரின் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டனர். இன்னும் அதிகமாக இனாம் கொடுங்கள் என்று பயணிகளிடம் விண்ணப்பிக்கவா சங்கம் கண்டனர்? இனாமை நம்பி வாழும் நிலை ஒழிந்து, வாழத்தக்க சம்பளம் வேண்டும் என்றனர். 12 ஆண்டுகள் போராடி 1937இல் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். சம்பளத்தையும் பெயரையும் ஒன்றாகவே பறிகொடுத்தவர்கள், ஒன்றாகவே மீட்க வேண்டியிருந்தது.

கடல் கடந்த கதை எதற்கு? நம் மண்ணிலேயே இதற்குச் சான்று இருக்கின்றது. 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிரிழந்தனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அவர்கள் வைத்த கோரிக்கைகளை நாம் மறக்கலாகாது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, துரையின் முன்னும் கிராணியின் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறியே செல்லும் உரிமையையும் கேட்டனர்! பசித்த வயிற்றோடு, துப்பாக்கிக்கு முன்னே நின்றவர்கள், ஒரு சைக்கிளை எண்ணி ஏன் மெனக்கெட்டார்கள் என்று இன்றைய படித்த பிள்ளைகள் வியக்கலாம். கூலி கூடினாலும் இறங்கி நிற்கும் உடம்பு இறங்கியே நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பண்டிகை இனாமைக் கூட்டிக் கொடுங்கள் என்ற வேண்டுகோள் அந்தக் கோரிக்கைகளில் இல்லை. துரைமார் பண்டிகைக்குக் கொடுத்ததை வாங்கி வாங்கி அதன் சுவை தெரிந்தவர்கள் அவர்கள். எள்ளுப் பேரன்மாராகிய நாம், குளிரூட்டிய மண்டபத்தில் அமர்ந்துகொண்டு, துரை செய்ததையே செய்கின்றோம்.

இனாமில் உள்ள மற்றொரு குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். அது முகத்துக்குக் கிடைப்பது, உழைப்புக்குக் கிடைப்பதன்று. அந்த விருந்தில் சோறு வடித்தவர் யார்? ஆயிரம் தம்ளர்களைக் கழுவியவர் யார்? பின்கட்டில், நீராவியில், இரப்பர்க் காலணியோடு நின்ற அந்த அம்மையாரை மாமா பார்த்ததே இல்லை. இலையெடுத்தவரைப் பார்த்தார், ஆனால் அவருக்குக் கிடைத்தது டேய் என்னும் சொல். பரிமாறுபவர்களுக்குள்ளும், சிரிக்கத் தெரிந்தவனுக்குக் கூடுதல், கூச்சப்படுபவனுக்குக் குறைவு. இளம்பெண் பரிமாறினால் சில ஆடவர்களின் பை தாராளமாகத் திறப்பதையும், அத்தாராளத்துக்கு அப்பெண் எத்தனை பேச்சுகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது என்பதையும் எழுத நமக்கு நாணமாயிருக்கின்றது. நடப்பதோ நாணமின்றி நடக்கின்றது.

இலையெடுப்பவருக்கு இனாம் ஏன் அரிதாயிற்று என்பதில் நம் சமூகத்தின் பழைய நோய் ஒன்று ஒளிந்திருக்கின்றது. பிறர் உண்ட இலையைத் தொடுவது இழிவு, அதைத் தொடுபவன் இழிந்தவன் என்ற எண்ணத்தைக் கப்பலேறும்போதே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம். நம் எச்சிலை நாமே எடுத்தால் கௌரவம் போய்விடும். வேறொருவன் எடுத்தால் அவன் கௌரவம் போவது நமக்குப் பொருட்டன்று. மனம் உறுத்தினால் மட்டும் இரண்டு வெள்ளி. இழிவை உண்டாக்கியவர் நாம். அதற்கு இரண்டு வெள்ளிக்குப் பரிகாரம் கண்டவரும் நாமே. இழிவென்று ஒன்று அத்தொழிலில் இல்லையென்று அறிந்தவனுக்குப் பரிகாரம் எதற்கு? அவன் தன் கையால் இலையை மடித்து, எடுக்க வருபவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைப்பான். அவ்வளவே.

உணவங்காடி நிலையங்களில் உண்டவர் தம் தட்டைத் தாமே எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதியைச் சிங்கப்பூர் அரசாங்கம் 2021ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. அப்போது நம்மவர் சிலர் கொதித்தனர். "சுத்தம் செய்பவர்களுக்கு வேலை போய்விடுமே!" என்று திடீரென்று தொழிலாளர் பரிவு பொங்கிற்று. வேலை போகவில்லை, மேசையைத் துடைக்கவும், குவிந்த தட்டுகளை வகைப்படுத்திக் கழுவவும் ஆட்கள் இன்றும் வேண்டியிருக்கின்றனர். போனது நம் சோம்பலுக்கு இருந்த சாக்குத்தான். அங்கே குனிந்து மேசை துடைக்கும் மூதாட்டிகளுக்கு யாரும் இனாம் கொடுத்து நாம் கண்டதில்லை. அவர்களுக்கு நாம் செய்யக்கூடியதாயிருந்தது நம் எச்சில் தட்டை அவர்கள் கைக்கு விடாமலிருப்பது. அதற்கும் அபராதத்தைக் காட்ட வேண்டியிருந்தது!

இனி, நம்மை மறுப்பவர்கள் சொல்வதைக் கேட்போம். தரும சிந்தையை நாம் கெடுக்கின்றோம் என்பர் சிலர். தருமம் இரப்பவர்க்கு, உழைத்தவர் இரப்பவர் அல்லர். இதற்குமேல் அவ்வாதத்துக்கு விடை வேண்டுவதில்லை. இனாம் இல்லாவிட்டால் ஊழியம் கெட்டுவிடும், சுறுசுறுப்பு இராது என்பர் வேறு சிலர். ஜப்பானில் இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. அந்நாட்டு உணவகங்களின் உபசரிப்பைக் குறை கூறியவரை நாம் இன்னும் காணவில்லை. சோற்றைத் தட்டில் வைப்பதற்குத் தனிக் கூலி எதிர்பார்க்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிட்டு, அவர் முகத்தில் மலர்ச்சி இல்லையே என்று குறைப்படுவது என்ன நியாயம்?

"அவனே அதைத்தானே விரும்புகிறான்! நீங்கள் எழுதுவதால் அவன் இரவுச் சாப்பாட்டுக் காசு அல்லவா போகும்?" என்று கேட்பவர்களுக்கே நாம் செவிசாய்க்கின்றோம். இது வலிமையுள்ள வாதம். நாம் இதனைப் புறந்தள்ளவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1909ஆம் ஆண்டிலேயே இனாமைச் சட்டத்தால் தடுத்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926க்குள் அச்சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டுவிட்டன. சம்பளத்தைத் தொடாது இனாமை மட்டும் தடுப்பது, ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு நட என்பது போலாகும். ஆகவே இன்றிரவே இனாமை நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. சம்பளம் சரியாகும்வரை கொடுப்பவர் கொடுக்கட்டும். ஆனால் கைதட்டாமல் கொடுக்கட்டும். சட்டைப் பையில் செருகாமல் கொடுக்கட்டும். பின்கட்டில் நிற்பவர்க்கும் சேரும் வகை கேட்டறிந்து கொடுக்கட்டும். கொடுத்ததோடு தம் பொறுப்பு முடிந்ததென்று எண்ணாதிருக்கட்டும். வாங்குபவர் விரும்புகின்றார் என்பதோ, குறைந்த சம்பளத்தின் விளைவேயன்றி அதற்குச் சமாதானம் அன்று. தாகத்தால் சேற்றுநீரைக் குடிப்பவனைக் காட்டி, இவனுக்குச் சேறுதான் பிடிக்கும் என்று சொல்லலாமா?

செய்ய முடியாத காரியத்தைச் சொல்லுகின்றோம் என்று எவரும் எண்ண வேண்டா. மலேசியாவில் 2013ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. 2025இல் 1,700 வெள்ளியாகியிருக்கின்றது. அந்நாட்டு ஓட்டல்களில், விருந்தினர் செலுத்தும் சேவைக் கட்டணத்தைப் புள்ளிக் கணக்கில் தொழிலாளர்க்குப் பங்கிடும் முறை நெடுங்காலமாக உண்டு. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததும் ஓட்டல் முதலாளிகள் ஒரு வழி கண்டனர். சேவைக் கட்டணப் பங்கையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு, இதோ 900 வெள்ளி ஆகிவிட்டது என்றனர்! தொழிலாளியின் இடக்கைக் காசை வலக்கைக்கு மாற்றிவிட்டு, சம்பளம் உயர்ந்தது என்று சொல்லும் வித்தை இது. ஓட்டல் தொழிலாளர் சங்கம் விடவில்லை. வழக்கு படிப்படியாக ஏறி, 2021ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவைக் கட்டணம் தொழிலாளர்க்கு உரியது. அதைக்கொண்டு முதலாளி தம் சம்பளக் கடமையை நிரப்பிக்கொள்ளலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பிரிட்டனிலோ, இனாமையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி ஒரு காசும் பிடிக்காமல் தொழிலாளர்க்கே நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் சட்டம் செய்து, 2024 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திவிட்டனர். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடலுக்கு அப்பால் சட்டமன்றம் சொல்லிவிட்டது. இடையிலுள்ள நமக்கு மட்டும் வாய் ஏன் அடைத்திருக்கின்றது?

சிங்கப்பூரில் எல்லோர்க்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இல்லை. படிப்படியாக உயரும் சம்பள முறை என்று ஒன்று துப்புரவுத் தொழிலில் தொடங்கி, 2023 மார்ச்சு முதல் உணவுத் தொழிலுக்கும் வந்திருக்கின்றது. நல்ல காரியம், வரவேற்கின்றோம். ஆனால் அம்முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. தமிழகத்திலிருந்து கடன்பட்டு வந்து, நம் இட்டிலியையும் பரோட்டாவையும் சுட்டுத் தரும் பிள்ளைகளுக்கு அதன் நிழல் எட்டாது. அவர்களுக்குச் சம்பளம் என்ன என்பது முதலாளிக்கும் அவர்களுக்கும் இடையிலான பேச்சு. அப்பேச்சில் யார் குரல் உரக்கக் கேட்கும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்த முதலாளிகளில் பலர் நம்மவர். நம் சங்கங்களில் தலைமை தாங்குபவர்கள், நம் பள்ளிகளுக்குப் பரிசுத் தொகை வழங்குபவர்கள், நம் விழா மலர்களில் வாழ்த்துரை எழுதுபவர்கள். அவர்களை நோக்கிப் பேசத்தான் நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

ஆகவே உணவகம் நடத்தும் தமிழன்பர்களை நேரே கேட்கின்றோம். நீங்கள் வாங்கும் சேவைக் கட்டணத்தில் எத்தனை விழுக்காடு தொழிலாளர் கைக்குப் போகின்றது? சமையற்கட்டிலுள்ளோர்க்கும் அதில் பங்கு உண்டா? மேசையில் விட்டுச் செல்லும் சில்லறை யார் கணக்கில் சேருகின்றது? இவற்றுக்கு விடையை உணவுப் பட்டியலின் அடியில் இரண்டு வரியில் அச்சிட உங்களுக்கு என்ன தடை? நியாயமாக நடப்பவர்க்கு இது விளம்பரம், செலவில்லாத விளம்பரம்.

உண்ணச் செல்வோர்க்கும் ஒரு வேலை உண்டு. பற்றுச்சீட்டு வரும்போது அதைக் கொண்டுவந்த தம்பியைக் கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்ட வேண்டா. அப்பிழையை நாமே செய்தோம். அவர் பணப்பெட்டியை நோக்கிய பார்வை இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. பணப்பெட்டியில் அமர்ந்திருப்பவரையே கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்து மழுப்புவார். ஒரே வாரத்தில் இருபது பேர் கேட்டால் கணக்கு எடுப்பார். திருமணத்துக்கு உணவகத்தாரோடு ஒப்பந்தம் பேசும்போது, தலைக்கு எத்தனை வெள்ளி, பாயசம் இரண்டா மூன்றா என்று மணிக்கணக்கில் வாதாடுகின்றோமே, பரிமாறவும் பாத்திரம் கழுவவும் எத்தனை பேர், அவர்களுக்கு அன்றைய கூலி என்ன, மிகைநேரத்துக்கு என்ன என்று ஒரு வரி கேட்டு எழுதி வாங்கலாகாதா? மாமாவின் 50 வெள்ளி அங்கே, பேரம் பேசும் இடத்தில், பயன்பட்டிருக்க வேண்டும்.

விருந்து முடிந்து புறப்படுகையில், இலையெடுத்த அந்தப் பெரியவர் கைகழுவும் இடத்தில் தனியே நின்றிருந்தார். உங்கள் பெயர் என்ன ஐயா என்று கேட்டோம். தவறு ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்சியவராய், "எதுக்குங்க, சார்?" என்றார். நன்றாகக் கவனித்துக்கொண்டீர்கள், பெயர் சொல்லி நன்றி கூற விரும்பினோம் என்றோம். சற்றுத் தயங்கிப் பெயரைச் சொன்னார். ஊரையும் சொன்னார், புதுக்கோட்டைப் பக்கம். அன்று காலை ஏழு மணிக்கு வந்ததாகவும், பாத்திரங்களை ஏற்றிய பிறகே போக முடியும் என்றும் சொன்னார். அப்போது இரவு பதினொன்றரை.

மேற்கண்ட வினாக்களுக்கு விடை எழுத முன்வரும் உணவகத்தாரின் கடிதங்களை, நம்மைக் கண்டித்து எழுதியவையாயினும், சுருக்காமல் வெளியிடுவோம். தொழிலாளர் எழுதுவதாயின் பெயரும் கடையும் நம்மோடு இருக்கும், அச்சில் வாரா.